முப்பத்தாறு சதுர மீட்டரில் ஒரு குளிர்காலம்

ரோட்டர்டாம்,
அக்டோபர் 3

அன்புத் தம்பி வைட்சேவுக்கு,

அக்கா ரென்ஸ்கே எழுதுவது. இங்கே ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் மனைவி டீனெக்கே சௌக்கியமா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று ஆகஸ்டில் முடிவு செய்தோமே. முதல் கடிதத்தை நானே போடுகிறேன். மூத்தவள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதோடு ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கார் நிறுத்தக் கட்டடம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை இடிக்காமல் அதன் தலைமேல் மரத்தால் நாற்பத்தெட்டு வீடுகள். ஒவ்வொன்றும் முப்பத்தாறு சதுர மீட்டர். கழிப்பறைக்கு மழைநீர், ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, குளிர்காலம் முழுக்க ஒரு சின்ன ஹீட்டர் போதும். இந்த ஊரில் டிராம் ஓட்டுகிறவருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் வீடு கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு வீட்டைத்தான் மூன்று வருஷமாக வரைந்து கொண்டிருக்கிறேன்.

இதைக் கட்டலாமா என்று, வாடகை வீடு கட்டித் தரும் வீட்டுச் சங்கத்தின் குழு ஏப்ரலில் வாக்கெடுக்கும். மொத்தம் ஒன்பது பேர். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எங்கள் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். அலுவலகம் என்றால் நானும் பொறியாளர் ஷெர்வினும், அவ்வளவுதான். ஆனாலும் அது என்னுடையது. ஐம்பத்தொரு வயதில் பெரிய நிறுவனத்து வேலையை உதறிவிட்டு வந்தது இந்த ஒரு வீட்டுக்காகத்தான்.

உனக்கு என்ன தோன்றுகிறது? மறைக்காமல் எழுது. இடுப்புக்கு ஒத்தடம் கொடு. டீனெக்கேவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
ரென்ஸ்கே

*

மினெர்ட்ஸ்கா, ஃப்ரீஸ்லாந்து,
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

உன் பல்லுக்கு என் அனுதாபம், பிடுங்கி எறி. என் இடுப்பு என்னைவிட இருபது வயது மூத்தது, அதைப் பற்றிக் கேட்காதே. உருளைக்கிழங்கு அறுவடை முடிந்தது. இனி வசந்தம் வரை உட்கார்ந்து விதைக்கிழங்கைத் தரம் பிரிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்தேன். இது நடை மட்டும்தான், வீட்டின் மிச்சப் படத்தை வைக்க மறந்துவிட்டாய் என்று நினைத்து உறையைத் தலைகீழாக உதறினேன். ஒன்றும் விழவில்லை. அப்புறம்தான் புரிந்தது, வீடே அவ்வளவுதான்.

அக்கா, கோழிக்கு இவ்வளவு இடம் விட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. மனுஷனுக்கு இல்லையா? பிறந்தநாள் வந்தால் என்ன செய்வார்கள்? நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அத்தை மாமா அண்டை அயல் எல்லாரும் உட்கார்ந்து, கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச வேண்டாமா? உன் வீட்டில் வட்டம் போட்டால் பாதிப் பேர் குளியலறையில் உட்கார வேண்டியிருக்கும். யாருக்குப் பிறந்தநாள் என்றே அவர்களுக்குத் தெரியாது.

நம் பண்ணை வீட்டில் பதினோரு அறை. அதுதான் வீடு. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

பல்லைப் பார்த்துக்கொள்.

தம்பி,
வைட்சே

*

ரோட்டர்டாம்,
நவம்பர் 4

வைட்சேவுக்கு,

பல் பிடுங்கியாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. கோபம் வடியவில்லை.

பதினோரு அறை என்று பெருமை அடிக்கிறாயே, அதில் எத்தனையில் புழங்குகிறீர்கள்? குளிர்காலத்தில் எட்டு அறையைப் பூட்டிவிட்டுச் சமையலறை அடுப்பை ஒட்டியே குந்தியிருந்த குடும்பம்தானே நாம்? பிறந்தநாள் வட்டத்துக்காக வருஷத்தில் ஒரு நாள், மீதி நாளெல்லாம் காலி அறைக்குச் சூடு ஏற்றுவது. நல்ல நியாயம்.

நாங்கள் ஒன்றும் காகிதத்தோடு நிற்பவர்கள் இல்லை. எந்த வீட்டை வரைந்தாலும் அலுவலகத் தரையில் வெள்ளை நாடா ஒட்டி, நிஜ அளவில் அதற்குள் நடந்து பார்ப்போம். இந்த வீட்டுக்குள்ளும் நானும் ஷெர்வினும் ஒரு மணி நேரம் நடந்தோம், காப்பி குடித்தோம், கட்டில் இருக்கும் இடத்தில் படுத்தும் பார்த்தோம். நீயும் நடந்து பார்த்துவிட்டுப் பேசு. வாய் இருக்கிறது என்பதற்காகப் பேசாதே.

உன்னைப் போலவே குழுவிலும் ஒருவர் இருக்கிறார், திருமதி தெர்ஸ்டேக். வாடகை வீட்டுக்காரர்களுக்காக முப்பது வருஷம் போராடியவர், நேர்மையானவர். அவர் எதிர்த்தால் மற்றவர்களும் கையைத் தூக்க மாட்டார்கள். அவர் சொல்வது இது: "வேற வழி இல்லாதவங்கதான் இதுக்குள்ள வருவாங்க. வழி கிடைச்ச அன்னைக்கே ஓடிடுவாங்க." இதற்கு ஒரு பதிலை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், அதுதான் எரிச்சல்.

டீனெக்கேவைப் பற்றி ஒரு வரி எழுத உனக்கு மை இல்லையா? உடம்பைப் பார்த்துக்கொள்.

ரென்ஸ்கே

*

மினெர்ட்ஸ்கா,
டிசம்பர் 8

அன்புள்ள அக்கா,

வீக்கம் வடிந்தது பற்றி மகிழ்ச்சி. இங்கே வாய்க்கால் ஓரம் லேசாக உறைய ஆரம்பித்திருக்கிறது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

சில விஷயங்கள். அடுப்புக்கு முன்னால் நின்று கிளறும்போது கழிப்பறைக் கதவைத் திறந்தால் இடது முழங்கையில் இடிக்கிறது. கொதிக்கிற பட்டாணி சூப்பாக இருந்தால் காலில் கொட்டும். வாசலில் ஈரக் கோட்டு மாட்ட நீ வரைந்த கொக்கி சுவருக்கு மிக நெருக்கம், மூன்று நாள் ஆனாலும் காயாது. ஒரு கை அகலம் தள்ளிப் போடு. ஜன்னல் திண்டை நாற்பது சென்டிமீட்டர் அகலமாக வைத்திருக்கிறாய். அதை ஐம்பது ஆக்கினால் ஆள் உட்காரலாம். மேஜையை அங்கே இழுத்துப் போட்டால் மதியம் மூன்று மணி வரை விளக்கே வேண்டாம்.

துடைப்பம் வைக்க இடமே இல்லை. துடைப்பம் இல்லாத வீட்டை ஆண்பிள்ளைதான் வரைவான் என்று நினைத்தேன், நீயுமா?

இன்னொன்று. மாடிப்படி திரும்பும் இடம் எண்பத்தைந்து சென்டிமீட்டர். லிப்டில் ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் நிற்கலாம். துணி அலமாரி எப்படி வீட்டுக்குள் போகும்? நான் எப்படித் திருப்பினாலும் போகவில்லை.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

வைட்சே

*

ரோட்டர்டாம்,
டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், நலம்.

முழங்கை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஷெர்வின் கதவை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார். கொக்கி, ஜன்னல் திண்டு, துடைப்பம் எல்லாம் எழுதிக்கொண்டோம். காகிதத்தைப் பார்த்தே இத்தனையும் கண்டுபிடித்தாயா? நம்ப முடியவில்லை. கிழங்கு பொறுக்கிக் கெட்டுப் போகிறாய், இங்கே வந்து சேர்.

ஆனால் அலமாரி எப்படிப் போகும் என்று கேட்டாயே, அதைப் படித்து ஷெர்வின் சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டிவிட்டது. எல்லார் வீட்டிலும் எப்படிப் போகிறதோ அப்படித்தான். கூரை உத்தரத்தில் கொக்கி, கயிறு, ஜன்னல் வழியாக உள்ளே. நானூறு வருஷமாக இந்த நாட்டில் எந்த அலமாரி மாடிப்படி ஏறியிருக்கிறது? நீ என்ன பெல்ஜியக்காரனா?

புத்தாண்டுக்கு டீனெக்கேவுடன் இங்கே வாயேன். இரண்டு பேரையும் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

அன்புடன் அக்கா

*

மினெர்ட்ஸ்கா,
டிசம்பர் 18

அக்கா,

நலம். புத்தாண்டுக்கு வர முடியாது.

உன் ஜன்னல் திறக்காது. படத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: வெப்பம் போகாமலிருக்க நிலையாகப் பொருத்திய கண்ணாடி. ஓரத்தில் காற்றுக்கு ஒரு சின்ன மடல் மட்டும். அதில் பூனைதான் நுழையும்.

வைட்சே

*

ரோட்டர்டாம்,
ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுத முகம்தான் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று நானும் ஷெர்வினும் படத்தை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பார்த்தேன், அவர் பார்த்தார், ஜன்னல் கம்பெனிக்காரர் பார்த்தார், நகராட்சியில் இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? சாமான் ஜன்னல் வழியாகப் போகும் என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த விஷயம். அதனால் மனசாரப் படியைக் குறுக்கினோம். அதே மனசோடு சூட்டுக்காக ஜன்னலை மூடினோம். நாற்பத்தெட்டு வீடு, ஒரு கட்டில்கூட உள்ளே போகாது. யானையை வாங்கிவிட்டு வாசலை மறந்த கதைதான்.

சரிசெய்துவிட்டோம். கண்ணாடிச் சட்டத்தை உள்ளிருந்தே நான்கு திருகாணியில் கழற்றலாம், வெளியே கொக்கிக்கு உத்தரம் நீட்டியிருக்கிறோம். ஆனால் குழுவிடம் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நானே எழுந்து சொன்னேன். திருமதி தெர்ஸ்டேக் கத்தவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு மணி நேரம் நாடாவுக்குள்ள நடந்து பாத்துட்டு ஜனங்களை ஆயுசுக்கும் அதுல இருக்கச் சொல்றீங்க. வேற வீடு இருந்தும் இதுல ஒரு குளிர்காலம் இருந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. நான் கை தூக்கறேன்."

எங்கே போவேன்? ஏப்ரலுக்கு இன்னும் பத்து வாரம். மாதிரி வீடு கட்டி ஆளைக் குடிவைக்க நேரமும் இல்லை, குளிர்காலமும் மிச்சம் இல்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், வைட்சே. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

உன் இடுப்பு எப்படி? இரண்டு பேரும் நலமா?

அக்கா

*

மினெர்ட்ஸ்கா,
ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

அந்த ஆள் நான்தான்.

நவம்பர் பதினொன்றாம் தேதியிலிருந்து உன் முப்பத்தாறு சதுர மீட்டரில் இருக்கிறேன். நடந்து பார்த்துவிட்டுப் பேசு என்று எழுதினாயே, அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன். மாடுகளை விற்றபின் காலியாகக் கிடக்கும் தொழுவத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோட்டின் மேல் உருளைக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினேன், பெட்டிக்குள் வைக்கோல் திணித்தேன். மேலே பலகை, அதற்கு மேலும் வைக்கோல். தெற்குச் சுவரில் ஓர் அகலமான பழைய ஜன்னல் இருந்தது, அதை ஒட்டி உன் ஜன்னல் திண்டைக் கட்டினேன். ஊரில் பாதிப் பேர் எனக்கு மூளை பிசகிவிட்டது என்கிறார்கள். மீதிப் பேர் அப்போதே தெரியும் என்கிறார்கள்.

இரண்டு வாரம் இருந்து, குறைகளைப் பட்டியல் போட்டு உன் மூக்கை உடைப்பதுதான் திட்டம். பட்டியல் வந்தது, உனக்கும் அனுப்பினேன். ஆனால் இரண்டு வாரம் முடிந்ததும் பெரிய வீட்டுக்குத் திரும்பக் கால் எழவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே ஜனவரி வந்துவிட்டது. ஹீட்டர் ஒன்றுதான். அதுவும் பல நாள் அணைத்தே கிடக்கிறது.

டீனெக்கேவைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பாய். அவள் மே மாதமே போய்விட்டாள். லேவார்டனில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். சண்டை இல்லை, ஏமாற்று இல்லை. அவள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் இருந்தே பத்து வருஷம் போய்விட்டது. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

திருமதி தெர்ஸ்டேக்கை இங்கே அனுப்பு.

தம்பி வைட்சே

*

ரோட்டர்டாம்,
பிப்ரவரி 3

என் தம்பிக்கு,

நான் நலம். சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு உன்னை அறைய வேண்டும்போல் இருந்தது. மே மாதத்திலிருந்து தனியாகவா இருக்கிறாய்? நான் பாட்டுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் டீனெக்கேவுக்கு அன்பு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, முட்டாளே. நான் உன் அக்கா இல்லையா?

குழுவிடம் சொன்னேன். ஒன்பது பேரும் மார்ச் பதினாறு, சனிக்கிழமை, பேருந்து பிடித்து வருகிறார்கள். ஒரு நிபந்தனை: நானும் ஷெர்வினும் கூட வரக்கூடாது, நான் உனக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. கூடப் பிறந்தவன் சாட்சி செல்லுமா என்று ஒருவர் கேட்டார். தெர்ஸ்டேக்தான், "நான் கேக்கற கேள்வியில தெரிஞ்சிடும்" என்றார்.

அன்று உன் பிறந்தநாள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொள். மாட்டு வாடை இல்லாமல் பார்த்துக்கொள். என் வாழ்க்கையே உன் தொழுவத்தில் இருக்கிறது, விளையாடாதே.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக? எழுது.

அக்கா

*

மினெர்ட்ஸ்கா,
மார்ச் 17

அன்புள்ள அக்கா,

இடுப்பு தேவலை, சட்டை போட்டிருந்தேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். நேற்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

பிறந்தநாள் என்று சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, வட்டமே போட்டுவிட்டேன். அக்கம்பக்கத்து நாலு பேரை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தேன். குழுவில் ஒன்பது, நான் ஒருவன், ஆக பதினான்கு பேர். உன் வீட்டில் இடமிருக்காது என்று கேலி செய்தவன் நான். அதை நானே செய்து பார்க்க வேண்டாமா?

ஜன்னல் திண்டில் நாலு பேர், கட்டில் ஓரத்தில் மூன்று பேர், நாற்காலியில் ஐந்து பேர், கவிழ்த்த பெட்டியில் ஒருவர், அடுப்பு ஓரம் நான். வட்டம் கொஞ்சம் முட்டை மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். பெரிய வீட்டில் காப்பி கொடுக்கிறவர் நடந்து நடந்தே செத்துப்போவார். இங்கே யாரும் எழவில்லை. கோப்பை கைமாறிக் கைமாறிப் போனது. கேக்கும் அப்படியே. வழக்கப்படி எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள், என்னை முன்பின் பார்க்காதவர்கள் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். வந்த வேலையையே மறந்துவிட்டார்களோ என்று எனக்குப் பயம்.

திருமதி தெர்ஸ்டேக் மறக்கவில்லை. தன் அளவுநாடாவைக் கொண்டு வந்திருந்தார். சுவர், கதவு, சுண்ணாம்பில் நான் போட்டிருந்த படித் திருப்பம் எல்லாவற்றையும் அளந்தார், அலமாரிக்குள் தலையை விட்டார். நீ எழுதியபடி நான் திருகாணி போட்டு வைத்த ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, வெளியே நீட்டிய உத்தரத்துக் கயிற்றில் அலமாரியைத் தூக்கி உள்ளே விட்டுக் காட்டச் சொன்னார். கயிற்றின் ஒரு முனையை அவரே இழுத்தார். அறுபத்தாறு வயதாம்.

அப்புறம் என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"அக்காவுக்காகத்தானே இங்க இருக்கீங்க?"

"இல்லைங்க. அக்காவைத் தோக்கடிக்கத்தான் வந்தேன்."

"பெரிய வீடு பூட்டியா கெடக்கு?"

"பூட்டலை. அந்தக் கதவைத் தள்ளினா அதுதான். பதினோரு அறை, இருபது எட்டு வச்சாப் போயிடலாம்."

"அப்ப ஏன் போகலை?"

"போகணும்னு தோணலைங்க. இங்க எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. வீட்டுக்கு நான் காவல் இருக்க வேண்டியதில்லை."

அவர் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். காப்பியைக் குடித்து முடித்தார். போகும்போது கைகொடுத்து மறுபடியும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான் அக்கா. கெடுத்துவிட்டேன் என்றால் மன்னித்துவிடு.

தைரியமாக இரு.

வைட்சே

*

ரோட்டர்டாம்,
ஏப்ரல் 5

என் ராஜாவுக்கு,

நலம், நலம், நலம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

ஒன்பதுக்கு ஒன்பது! வைட்சே, ஒன்பது பேரும் கை தூக்கினார்கள்!

முதலில் எழுந்தவர் தெர்ஸ்டேக். போச்சு என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல எழுதி வைத்திருந்த காகிதத்தைக் காட்டினார், மூன்று பக்கம். அதை இரண்டாகக் கிழித்து மேஜையில் வைத்தார். "இவ்வளவு சின்ன வீட்டுல ஏழைங்களை அடைக்கப் போறாங்கன்னு பயந்தேன். பதினோரு அறையை விட்டுட்டு ஒரு மனுஷன் அதுல சந்தோஷமா இருக்கறதைப் பாத்துட்டு வந்தேன். நான் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். மற்ற எட்டுக் கையும் பின்னாலேயே வந்தன.

நான் அங்கேயே அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். ஷெர்வின் வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் ஆடினார். டிராம் ஓட்டுகிறவர் மணி அடித்தார், எதற்கென்றே தெரியாமல். அவருக்கு ஒரு வீடு இதில் கிடைக்கலாம் என்று போய்ச் சொல்ல நினைத்தேன், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

செப்டம்பரில் வேலை ஆரம்பம். அது போதாதென்று சங்கத்துக்கு இன்னும் இரண்டு கார் நிறுத்தக் கட்டடங்கள் இருக்கின்றனவாம், அவற்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு இன்னொரு மேஜை வாங்க வேண்டும். இதில் முதல் வீடு உனக்கு வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்கள். நீ ரோட்டர்டாமுக்கு வர மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொள். ஜெயித்துவிட்டோமடா.

அக்கா

*

மினெர்ட்ஸ்கா,
ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழங்கு வண்டி மேல் நின்று சத்தமாகப் படித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். நான் பூரண நலம்.

வீடு வேண்டாம். டிராம்காரருக்குக் கொடு. பெரிய வீட்டை நாலு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு விட்டுவிட்டேன். நேற்றே வந்துவிட்டார்கள், ஒரே கூச்சல். நான் தொழுவத்திலேயே இருக்கிறேன். பெட்டிகளை எடுத்துவிட்டு நிஜச் சுவர் வைக்கப் போகிறேன், ஒழுங்கான படம் ஒன்று அனுப்பு, உன் கையெழுத்தோடு.

தெர்ஸ்டேக்கிடம் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பதினான்கு பேர் முன்னால் வாய் வரவில்லை, இப்போது உனக்குச் சொல்கிறேன். டீனெக்கே போன பிறகு ஆறு மாதம் அந்தப் பெரிய வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சட்டியிலிருந்து தின்றுவிட்டு வெளியே போய்விடுவேன். உன் வீட்டுக்கு வந்த முதல் நாள், ஜன்னல் ஓரம் ஒரு தட்டு வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நாற்பத்தெட்டையும் கட்டு அக்கா. அதற்கப்புறம் மற்றதையும் கட்டு.

தம்பி,
வைட்சே